பாட்டிலுக்கு இரண்டு இட்லி

ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கிறவர்கள் இரண்டு ரகம். அழுகிறவர்கள், அழுகிறவர்களுக்கு காபி வாங்கி வருகிறவர்கள். நான் இரண்டாவது ரகம். ஒன்பது நாளில் எதிர்த்த டீக்கடைக்காரர் என் பெயரில் தனி அக்கவுண்ட்டே ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே படுத்திருந்தது என் பெரியம்மா பையன். வயசு 26. ஆபீஸ் முடிந்து ராத்திரி பத்தரை மணிக்கு பைக்கில் வரும்போது, இண்டிகேட்டர் போடாமல் திரும்பின ஒரு மினி லாரி. மண்ணீரல் கிழிந்துவிட்டது. தொடை எலும்பு இரண்டு துண்டு. விலா எலும்பு மூன்று. தலைக்கு ஒன்றும் ஆகாதது குலதெய்வம் புண்ணியம். ஹெல்மெட் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது, ஸார். பெட்ரோல் டாங்க் மேலே. டாங்குக்கு ஒரு கீறல் இல்லை.

ராத்திரியோடு ராத்திரியாக வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்துவிட்டு, வெண்டிலேட்டரில் போட்டார்கள். காலையில் கண்ணாடி வழியாகப் பார்த்த பெரியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"குளுக்கோஸ் ஏறுதுடா. பாட்டில் பாட்டிலா ஏத்துறாங்க. தெம்பா இருப்பான்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். காரிடாரில் மாட்டிய டியூட்டி டாக்டரிடம், "குளுக்கோஸ் போகுதில்லையா ஸார், சாப்பாட்டுக் கவலை இல்லைதானே?" என்று ஒரு விவரமான ஆசாமி மாதிரி கேட்டேன். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "அதுல தொங்கறது குளுக்கோஸே இல்ல ஸார், உப்புத் தண்ணி. கலோரி ஸைபர்" என்றார்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். பி.காம். படித்தவன் வேறு என்ன செய்வான்!

நிஜமான குளுக்கோஸ் பாட்டிலே தொங்கினாலும் கதை பெரிதாக மாறாது. வழக்கமான 5 சதவிகித பாட்டிலில், 500 மில்லி தண்ணீரில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். சுமார் 85 கலோரி. அதாவது இரண்டு சின்ன இட்லி. சாம்பார் கிடையாது. புரதம் துளிக்கூடக் கிடையாது.

பலமாக அடிபட்ட ஆளுக்கு, உடம்பு எடையில் கிலோவுக்கு 25 கலோரியாவது வேண்டும் என்கிறார்கள். நம்ம ஆள் 60 கிலோ. 60 பெருக்கல் 25, ஆயிரத்து ஐந்நூறு. இதை பாட்டிலிலேயே ஏற்ற வேண்டுமானால் ஒரு நாளைக்கு 18 பாட்டில், 9 லிட்டர் தண்ணீர். ஆள் பிழைப்பதற்கு முன்னால் ஊறிவிடுவான்.

*

"ரெண்டு நாள் சாப்பிடலேன்னா என்ன ஸார், பெரியவங்க ஏகாதசி விரதம் இருக்கறதில்லையா?" என்று பக்கத்து ஸீட்காரர் ஒருவர் ஆறுதல் சொன்னார்.

விரதம் வேறு, விபத்து வேறு. விரதத்தில் உடம்பு புத்திசாலியாகிறது. செலவைக் குறைக்கும், கொழுப்பை எடுத்து மெதுவாக எரிக்கும், சதையை முடிந்தவரை தொடாது. மாசக் கடைசியில் நாம் நடந்து ஆபீஸ் போவது மாதிரி. விபத்தில் அடிபட்ட உடம்பு அப்படியில்லை. கல்யாண வீட்டுக்காரன் மாதிரி வீட்டை அடமானம் வைத்துச் செலவழிக்க ஆரம்பிக்கிறது. காயத்தை ஆற்ற, கிருமியோடு சண்டை போட, சூட்டைத் தக்கவைக்க எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் புரதம். புரதத்துக்கென்று உடம்பில் சேவிங்ஸ் அக்கவுண்ட் கிடையாது. கையில் காலில் இருக்கிற சதைதான் சேமிப்பு. அதைக் கரைத்துத்தான் எடுக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் டேவிட் கத்பர்ட்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1930-களில் கிளாஸ்கோ நகர ஆஸ்பத்திரியில் கால் எலும்பு முறிந்து வந்தவர்களின் சிறுநீரைச் சேகரித்து, அதில் வெளியேறும் நைட்ரஜனை அளந்துகொண்டிருந்தார். (விஞ்ஞானிகளைப் பெண் பார்க்க அழைத்துப் போனால், வேலையைப் பற்றிக் கேட்கக்கூடாது.) புரதம் உடைந்தால் நைட்ரஜன் வெளியே வரும். உடைந்தது ஒரு எலும்பு. ஆனால் சிறுநீரில் போன நைட்ரஜனோ அந்தக் காலில் இருந்து மட்டும் வந்திருக்க முடியாத அளவு. மொத்த உடம்பும் தன் சதையை உருக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. 1942-ல் அவர் இதை இரண்டு கட்டமாகப் பிரித்துச் சொன்னார். அடிபட்ட முதல் ஒன்றிரண்டு நாள் கடல் உள்வாங்குகிற மாதிரி உடம்பு அடங்கிக் கிடக்கும். பிறகு அலை பொங்கி வரும். எரிப்பு, காய்ச்சல், சதை கரைதல் எல்லாம் அந்த இரண்டாவது கட்டத்தில்தான்.

எனக்கு இது உடனே புரிந்தது, ஏனென்றால் இது டெபிட், கிரெடிட். வாய் வழியாகப் போகிற நைட்ரஜன் வரவு. சிறுநீரில் போவது செலவு. ஒரு கிராம் நைட்ரஜன் நஷ்டம் என்றால் 6.25 கிராம் புரதம் நஷ்டம்; ஈரச் சதையாகச் சொன்னால் கிட்டத்தட்ட 30 கிராம். பலத்த காயத்தில் ஒரு நாளைக்கு 20 கிராம் நைட்ரஜன்கூடப் போகலாம். பெருக்கிப் பாருங்கள். அரை கிலோவுக்கு மேல் கறி.

லண்டனில் ஐ.சி.யூ. நோயாளிகளின் தொடைத் தசையை ஸ்கேன் பண்ணிப் பார்த்து 2013-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பத்தே நாளில் சராசரியாக 18 சதவிகிதம் சுருங்கியிருந்தது. அந்தத் தசைகளில்தான் நாளைக்கு எழுந்து நிற்க வேண்டும். மூச்சு விடுவதும் தசை, இருமிச் சளியைத் துப்புவதும் தசை. வெண்டிலேட்டரை விட்டு வெளியே வருவதற்கே இந்த பாங்க் பாலன்ஸ் வேண்டும்.

*

வாயால் சாப்பிட முடியாதவனுக்கு எப்படிச் சோறு போடுவது? இந்தக் கேள்விக்கு அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் மேலேயே பரீட்சை நடந்திருக்கிறது.

ஜேம்ஸ் கார்ஃபீல்டை 1881 ஜூலை 2-ம் தேதி வாஷிங்டன் ரயில்வே ஸ்டேஷனில் சுட்டார்கள். குண்டு உயிர்நிலை எதையும் தொடவில்லை. கழுவாத விரலை விட்டு விட்டுக் குண்டைத் தேடிய டாக்டர்கள்தான் தொட்டார்கள். சீழ் பிடித்தது. சாப்பிட்டது வாந்தியானது. ஆகஸ்டில் தலைமை டாக்டர் ப்ளிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். வாய் வழி மூடியிருந்தால் பின்வழி. மாட்டிறைச்சிச் சாறு, முட்டை, கூடவே கொஞ்சம் விஸ்கி, எல்லாம் எனிமாவாக. பிற்பாடு ப்ளிஸ் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

அதில் ஒரே ஒரு சிக்கல். பெருங்குடல் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சும். இறைச்சியையும் முட்டையையும் ஜீரணிக்கிற இடம் அதுவல்ல. டெலிவரி கேட்டில் போய் கேஷ் கட்டுகிற மாதிரி. சுமார் 95 கிலோ இருந்த மனிதர் 60-க்கும் கீழே இறங்கி, செப்டம்பர் 19-ம் தேதி இறந்துபோனார். கொன்றது முக்கியமாக சீழ்தான். ஆனால் 79 நாள் போராட்டத்தில் பட்டினியும் எதிரணியில் ஆடியது.

ரத்தக் குழாய் வழியாகவே முழுச் சாப்பாடும் போட முடியும் என்று காட்டுவதற்கு 1960-கள் ஆயிற்று. பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் டாக்டர், பீகிள் நாய்க்குட்டிகளுக்கு இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய ரத்தக் குழாயில் ட்யூப் போட்டு, கெட்டியான குளுக்கோஸ், புரதச் சத்து, உப்பு, வைட்டமின் எல்லாவற்றையும் ஏற்றினார். (கையிலுள்ள சின்ன நரம்பில் அவ்வளவு கெட்டியாக ஏற்றினால் நரம்பு வெந்துவிடும்.) வாயால் ஒரு வாய் சாப்பிடாமலே குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. உலகம் கைதட்டியது. குடல் என்ற உறுப்புக்கு வி.ஆர்.எஸ். கொடுத்துவிடலாம் என்றே தோன்றியது.

ஆனால் குடல் வெறும் சாப்பாட்டுக் குழாய் இல்லை. அது ஒரு சுவர்.

உங்கள் குடலின் உட்பரப்பை மடிப்பெல்லாம் விரித்தால் டென்னிஸ் கோர்ட் அளவு என்று ஸ்கூலில் படித்திருப்பீர்கள். ஸ்வீடன்காரர்கள் 2014-ல் திரும்ப அளந்து, அவ்வளவெல்லாம் இல்லை, 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். நம் கணக்கில் 345 சதுர அடி. ஒரு சின்ன போர்ஷன். அந்தப் போர்ஷனின் சுவர் எவ்வளவு தடிமன் தெரியுமோ? ஒரே ஒரு செல். அந்தப் பக்கம் கோடானுகோடி கிருமிகள். இந்தப் பக்கம் உங்கள் ரத்தம். அந்த செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்கொரு தரம் மொத்தமாகப் புதுசாகின்றன. அவற்றுக்குச் சாப்பாட்டில் ஒரு பங்கு, மேலே ஓடுகிற உணவிலிருந்தே நேராகக் கிடைக்கிறது. கொத்தனாருக்கு ஸைட்டிலேயே சாப்பாடு.

அடிபட்டு ரத்தம் கொட்டினால், உடம்பு முதலில் கைவிடுவது குடலைத்தான். மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடும். அதன் மேல் பட்டினியும் சேர்ந்தால் சுவர் மெலிகிறது, இணைப்புகள் விடுகின்றன. போதாததற்கு ஆன்ட்டிபயாடிக் ஏறி, உள்ளே குடியிருந்த நல்ல கிருமிகள் காலி பண்ணிக்கொண்டு போக, சில நாளிலேயே அந்த இடத்தில் ரௌடிகள் குடிவருகிறார்கள்.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்து டாக்டர்கள் வயிற்றில் பலத்த காயத்தோடு வந்த 98 பேரை இரண்டாகப் பிரித்து, 1992-ல் முடிவைச் சொன்னார்கள். ரத்தக் குழாய் வழியாகச் சாப்பிட்டவர்களில் 31 சதவிகிதம் பேருக்கு நிமோனியா. குடல் வழியாகச் சாப்பிட்டவர்களில் 12 சதவிகிதம். குடலுக்குச் சோறு போட்டால் நுரையீரல் எப்படித் தப்பிக்கிறது? எதிர்ப்பு சக்தி செல்களுக்குப் பெரிய டிரெயினிங் காலேஜ் குடல்தான். அங்கே பாஸானவர்கள் நுரையீரலிலும் டியூட்டி பார்க்கிறார்கள் என்பது அவர்கள் விளக்கம்.

*

மறுநாள் மத்தியானம், பிரஷர் நின்று நிதானமானதும், தம்பி மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற ரைல்ஸ் டியூபில் சாப்பாட்டை ஆரம்பித்தார்கள். பால் மாதிரி ஒரு கரைசல். மணிக்கு 20 மில்லி.

பெரியம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இருபது மில்லியா? காக்காக்கு வைக்கிற சோறு இதைவிட ஜாஸ்திடா! ஒரு நாளைக்கு எவ்வளவு பில் போடுறாங்க, ஒரு டம்ளர் ஊத்தினா என்ன?"

நானும் அவள் கட்சிதான். ஆனால் நர்ஸ் சொன்னதில் நியாயம் இருந்தது. அடிபட்ட அதிர்ச்சியில் வயிறும் குடலும் பாதி ஸ்டிரைக்கில் இருக்கும். இதை நேரிலேயே பார்த்தவர் ஒருவர் உண்டு. 1822-ல் அமெரிக்காவில் மெக்கினாக் தீவில், அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவனுக்கு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பட்டு, ஆள் பிழைத்தான், ஓட்டை மூடவில்லை. பியூமான்ட் என்ற ராணுவ டாக்டர் வருஷக்கணக்கில் அந்த ஓட்டை வழியே எட்டிப் பார்த்து, நூலில் கறித்துண்டைக் கட்டி உள்ளே விட்டு, எது எப்போது ஜீரணமாகிறது என்று நோட்டு எழுதினார். மார்ட்டினுக்குக் காய்ச்சல் வந்தாலோ கோபம் வந்தாலோ வயிறு சிவந்து வறண்டு, வேலை நிறுத்தம். (அந்த மனிதனுக்கு அடிக்கடி கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை.)

ஆகவே, ஸ்டிரைக்கில் இருக்கிற ஃபாக்டரிக்கு ஃபுல் லோடு அனுப்பக்கூடாது. அதற்காக கேட்டையும் பூட்டிவிடக்கூடாது. முன்பெல்லாம் ஆபரேஷன் ஆனால் "காத்து பிரிஞ்சுதா?" என்று ஊரே கேட்கும். பிரிந்த பிறகுதான் தண்ணீர். இப்போது ஐ.சி.யூ.வில் அந்த நல்ல செய்திக்காகக் காத்திருப்பதில்லை. ரத்த ஓட்டம் நிலையானதும் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கொஞ்சமாக ஆரம்பித்துவிடு என்பதுதான் விதி. இருபது, நாற்பது, அறுபது. மணிக்கு 60 மில்லி போனால் நாளைக்கு 1,440. நம் 1,500-ஐக் கிட்டத்தட்டத் தொட்டாயிற்று. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை. தம்பிக்குக் குறைந்தது 72 கிராம், முட்டைக் கணக்கில் பன்னிரண்டு.

குடல்தான் எல்லாம், ரத்தக் குழாய் சாப்பாடு விஷம் என்றும் நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 2014-ல் 2,400 பேரை வைத்துப் பார்த்தபோது, இரண்டு வழியிலும் இறந்தவர்கள் கணக்கு ஒன்றாகவே இருந்தது. பிரஷர் விழுந்து மருந்தில் ஓடிக்கொண்டிருக்கிறவர்களுக்குக் குடல் வழியாக முழு அளவு கொடுத்தபோது சிலருக்குக் குடலே ரத்தமில்லாமல் கறுத்தது என்று பிரான்ஸில் 2018-ல் எச்சரித்தார்கள். குடலுக்கு டானிக் என்று கொண்டாடப்பட்ட குளூட்டமின், ரொம்ப முடியாத நோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது சாவு கூடியது, இது 2013. நல்ல கிருமிகளை ஊற்றினால் குடல் செழிக்கும் என்று ஹாலந்தில் கடுமையான கணைய அழற்சிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வந்த முடிவு: கொடுத்தவர்களில் 16 சதவிகிதம் பேர் இறந்தார்கள், கொடுக்காதவர்களில் 6. எனவே, "டாக்டர், தயிர்ல நல்ல பாக்டீரியா இருக்காமே, டியூப்ல ஊத்தலாமா?" என்று கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம்.

*

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகும் ஏழாம் நாள் நான் ஒரு தப்பு செய்தேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

முந்தின நாள்தான் தொண்டையிலிருந்து வெண்டிலேட்டர் ட்யூபை எடுத்திருந்தார்கள். தம்பி அரைக் கண் திறந்து, உதட்டை நாக்கால் தடவிக்கொண்டிருந்தான். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டாள். "ஏழு நாளாச்சுடா. பச்சத் தண்ணி கேக்கறான்டா எம்புள்ள. ரெண்டு ஸ்பூன் இளநி. அவ்வளவுதான். நீ ஒளிச்சுக் கொண்டுபோ. உன்னைய சோதனை போட மாட்டாங்க."

பெற்றவள் கேட்கும்போது, புள்ளிவிவரமெல்லாம் எங்கே போகிறதென்றே தெரிவதில்லை. சட்டைக்குள் சின்ன பாட்டில். விசிட்டிங் நேரம் ஐந்து நிமிஷம். ஸ்பூனை அவன் உதட்டருகே கொண்டுபோயிருப்பேன். பின்னால் ஒரு கை வந்து ஸ்பூனைப் பிடுங்கியது. நர்ஸ். சின்னப் பெண், 23 வயசிருக்கும்.

"நல்லா இருக்கணும்னு நினைச்சுத்தானே கொடுக்கறீங்க?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. "ஆறு நாள் ட்யூப் இருந்த தொண்டை, ஸார். முழுங்கறது எப்படின்னு அது இன்னும் ஞாபகப்படுத்திக்கணும். இப்ப ஊத்தினா வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். இருமக்கூட மாட்டார். நமக்குத் தெரியவே தெரியாது. ராத்திரி நிமோனியாவோடதான் தெரியும். அதோட இளநீர்ல பொட்டாசியம் ஜாஸ்தி. தொடை நசுங்கினவருக்கு ஏற்கனவே ரத்தத்துல அது ஏறியிருக்கலாம். இன்னும் ஏறினா ஹார்ட் நின்னுடும்."

ஒரு ஸ்பூன். அறுபது மில்லியாகக் கஷ்டப்பட்டு ஏற்றிக்கொண்டு வந்த ஏழு நாள் கணக்கை ஒரே ஸ்பூனில் குளோஸ் பண்ணப் பார்த்தேன். வெளியே வந்து பெரியம்மாவிடம், "கொடுத்துட்டேன், குடிச்சான்" என்று பொய் சொன்னேன். அவள் ஏழு நாளில் முதல் தடவையாக ஒரு இட்லி சாப்பிட்டாள்.

அதனால் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது ஐ.சி.யூ.வில் படுக்க நேர்ந்தால் (வேண்டாம், ஒரு பேச்சுக்கு), பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோகாதீர்கள். டியூபில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும், கிருமி சேரும், கலோரி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதில் மூன்று கேள்வி கொண்டுபோங்கள். "சாப்பாடு ஆரம்பிச்சாச்சா? இல்லேன்னா ஏன்? இன்னிக்கு வேண்டியதுல எவ்வளவு போச்சு?" ஸ்கேனுக்கு, ஆபரேஷனுக்கு என்று டியூபை நிறுத்துவார்கள். திரும்ப ஆரம்பிக்க மறந்துபோவது உலகம் பூரா நடக்கிற சமாசாரம். தலைமாடு உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மட்டமாகப் படுத்தால் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும். இதையெல்லாம் மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒன்பதாம் நாள், முழுங்குகிற டெஸ்ட்டில் பாஸாகி, தம்பி வார்டுக்கு வந்தான். பெரியம்மா அரை இட்லியைப் பாலில் பிசைந்து, கடுகளவு எடுத்து வாயில் வைத்தாள். மென்றான். முழுங்கினான். நாங்கள் நாலு பேரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம், கிரிக்கெட்டில் கடைசிப் பந்து மாதிரி.

கரகரத்த குரலில் அவன் பேசின முதல் வார்த்தை: "சட்னி?"

வீட்டுக்குப் போகும்போது 51 கிலோ. சதையெல்லாம் திரும்பி வர மாசக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஆறு மாசம் கழித்துத் திரும்ப பைக் எடுத்தான். நான் இரண்டு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று டாங்குக்கு.